நெஞ்சுப் பட்டை

நான் எல்தியார். வயது இருபத்திரண்டு. கஜகஸ்தானிலிருந்து நம் கிர்கிஸ்தானுக்குள் நுழையும் கொர்தாய் எல்லைச் சாவடியில், பிஷ்கேக் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நிற்கிறேன். தட்டச்சு செய்ய நேரமில்லை, நம் ஊர்க்காரர் குழுவுக்குப் போனில் பேசியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, போன வாரம் வீடியோவில் என் நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்புத் தழும்பைப் பார்த்துவிட்டு, யார் அடித்தது என்று அழுதாயே. யாரும் அடிக்கவில்லை. அதை விடு, நான் தோக்தார் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அல்மாட்டியில் நான் வேலை செய்யும் சைக்கிள் கடைக்குத் தினமும் வருகிறவர். அறுபத்தொரு வயது. முன்பு டிராலிபஸ் ஓட்டியவர். முகவரிப் பதிவு இல்லாமல் நான் போலீசைக் கண்டு ஒளிந்து திரிந்தபோது, தன் வீட்டு முகவரியில் என்னைப் பதிந்துகொண்டவர் அவர்தான். பணம் வாங்கவில்லை. தன் சைக்கிள் காரியத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

வசந்தத்தில் டாக்டர்கள் அவர் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். அவருடைய அண்ணன் அதே காரியத்துக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், கம்பளத்தில் சுருட்டிய பிணமாகத் திரும்பி வந்தவர். சைக்கிள் ஓட்டியே சரிசெய்துகொள்கிறேன் என்று மகளிடம் சாதித்தார்.

மகள் ஷொல்பான் அஸ்தானாவில் டீச்சர். விலை குறைந்த ஜிபிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அனுப்பினாள். ஹேண்டில்பாரில் மாட்டுவது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கூடவே துடிப்பை எண்ணும் நெஞ்சுப் பட்டை. போன பாதை, ஏறிய உயரம், துடிப்பு எல்லாம் அவள் போனுக்குப் போய்விடும்.

"தினம் மேட்டுல ஓட்டுப்பா. உன் நெஞ்சு என்ன சொல்லுதுன்னு நான் இங்கருந்தே பார்த்துக்கறேன். நல்லா இருந்தா ஆபரேஷன் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள். கடை நடுவில், ஸ்பீக்கரில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

முதல் வாரம் ஏற்றத்தில் துடிப்பு நூற்றைம்பது. ஆகஸ்டில் அதே ஏற்றத்தில் நூற்று இருபத்துநாலு. கடை முதலாளி ரினாத் அதைச் சாக்பீஸால் சுவர்ப்பலகையில் எழுதி வைத்தார். பட்டையை வேர்வை போகக் கழுவி, பின்கட்டில் உலர்த்துவது என் வேலை.

கடைக்கு வரும் மற்ற கிழவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஒருவர், "என்ன தோக்தார், குதிரையோட நெஞ்சை வாங்கி மாட்டிக்கிட்டியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தோக்தார் ஐயாவும் சிரித்தார். நடுவில் என்னைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

என் அடையாள அட்டை முடிகிறது, புதுப்பிக்க ஊருக்குப் போய்வர ஒரு வாரம் கேட்டேன். அவர் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். மழை என்று மகளிடம் சொல்லிக்கொள்கிறேன், சீக்கிரம் வந்துவிடு என்று அனுப்பினார்.

இப்போது, வெளியேறும் முத்திரை குத்தி வாங்கியபிறகு, ரினாத்தின் குரல்செய்தி வந்தது. நல்ல சேதி கொண்டுவருகிறவர் முதலில் பரிசு கேட்பாரே, அப்படித்தான் ஆரம்பித்தார். "சூயின்ஷி எடுத்து வை பயலே, அப்பதான் சொல்லுவேன்."

நேற்று இரவு ஷொல்பான் லீவு போட்டு வந்திருக்கிறாளாம். ரகசியமாக வாங்கி வைத்திருந்த ஆஸ்பத்திரித் தேதியை, அந்த எண்களைப் பார்த்து அவளே ரத்து செய்துவிட்டாளாம். காலை எட்டு மணிக்கு வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, அப்பாவோடு மலை ஏரிக்குக் கிளம்பிவிட்டாளாம்.

வயிறு சரியில்லை என்றாராம் அவர். முழங்கால் வலி என்றாராம். "நாலு மாசமா போன்லயே பார்த்தேன். ஒரு நாள் உன் பின்னால வர்றேன்பா" என்றாளாம் மகள். கடையில் அத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்கள். அவர் சைக்கிளை வெளியே உருட்டினாராம்.

ரினாத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டை அவர் மார்பைச் சுற்றி எட்டவே இல்லையாம். பழைய டியூபை வெட்டி ஒட்டுப் போட்டுக் கட்டிவிட்டாராம். "நீ போய் ஒரு நாள்கூட ஆகல, அதுக்குள்ள கிழவர் கொழுத்துட்டாரு."

காவலரிடம் திரும்பிப் போக விடச் சொல்லிக் கெஞ்சினேன். முத்திரை விழுந்துவிட்டது, அந்தப் பக்கம் போய்த் திரும்ப வரிசையில் வா என்கிறார். நாலு மணி நேரம் ஆகும். சிக்னல் ஒரு கோடுதான். பேசினால் அறுந்துவிடுகிறது, எழுத்து மட்டும் எப்போதாவது போகிறது. தோக்தார் ஐயாவின் போன் கிடைக்கவில்லை, ஏரிப் பாதையில் டவர் கிடையாது. ஷொல்பான் எண் என்னிடம் இல்லை. ரினாத்துக்கு ஐந்து முறை எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் போனைத் தொடமாட்டார்.

மணி பதினொன்று. செங்குத்தான ஏற்றம் ஆரம்பித்திருக்கும். சேதி எட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சைகால் அக்கா, நீ அல்மாட்டியில்தானே இருக்கிறாய், தையல் மிஷினை விட்டு எழுந்து கடைக்கு ஓடு. வேறு யார் முதலில் படித்தாலும் சரி, அவளுக்குச் சொல்லிவிடுங்கள். ரினாத்திடம் கார் இருக்கிறது, அவரை விரட்டிக்கொண்டு மேலே போங்கள். ஷொல்பானைப் பார்த்ததும் அவர்களை நிறுத்தி, இதை மட்டும் சொல்லுங்கள்:

"நீங்க நாலு மாசமா பார்த்தது உங்கப்பா நெஞ்சு இல்லம்மா, எங்க எல்தியாரோடது."