முழுவியளம்

“செல்வமலர், கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லும். மாப்பிள்ளை வெளிக்கிடுற நேரம், முன்னாலை வராதையும்.”

நல்லம்மா மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மொன்றியால் மத்திய ரயில் நிலையத்தின் அந்தப் பழைய மண்டபத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள்வரை கேட்டது.

வெளியே மூன்றாவது நாளாகப் பனிப்புயல். விமானம் இல்லை, நெடுஞ்சாலையும் பூட்டு. நாளை காலை டொரோண்டோவில் கீர்த்திகனின் தாலிகட்டு. போனால் இந்த ஒரு ரயிலில்தான் போகவேண்டும். அதுவும் ஐந்து மணித்தியாலமாக அசையவில்லை. பெரியம்மா நல்லம்மா சும்மா இருப்பாரா? நல்ல முழுவியளம், நல்ல சகுனம் வேண்டுமென்று ஒரு சுமங்கலியை, நிறைகுடத்துக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக, நடைமேடை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்வமலர் எதிரே வந்தாள். லாசால் பகுதியில் நல்லம்மா குடியிருக்கும் அதே கட்டடத்துக்காரி. புருஷன் செத்து ஒரு வருஷம். தோளில் கனத்த பை. ரயில் துடைக்கிற வேலை என்பது நல்லம்மாவின் எண்ணம்.

“துடைக்கிற ஆக்களை இந்தப் பனிக்குமோ வேலைக்குக் கூப்பிட்டவங்கள்?” என்று நல்லம்மா கேட்டார்.

“கூப்பிட்டவங்கள். ஆனா நான் தள்ளி நிக்கமாட்டன், மாமி. ஒரு வருஷமாத் தள்ளித்தான் நிண்டனான். லிஃப்டிலை நீங்கள் ஏறினா நான் படியாலை இறங்கினன். இனி ஏலாது.”

“பெடியன்ரை வாழ்க்கை, பிள்ளை. ஏற்கெனவே ரயில் நிண்டுபோய்க் கிடக்கு.”

“நிண்டது பனியாலை. என்னாலை இல்லை.”

“பெரியம்மா, விடுங்கோ,” என்றான் கீர்த்திகன். குரல் எழும்பவேயில்லை. கல்யாண மாப்பிள்ளைக்கு அதற்குமேல் வாய் ஏது?

“அவரைச் சாகக் குடுத்த துக்கம் எனக்கு இருக்கு, மாமி. வெக்கம் இல்லை.”

அப்போது ஒலிபெருக்கி பிரெஞ்சில் ஒரு தரமும் ஆங்கிலத்தில் ஒரு தரமும் சொன்னது: டொரோண்டோ ரயில் இருபது நிமிடத்தில் புறப்படும், தண்டவாளத்துப் பனியைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓர் எஞ்சின் போகும். மண்டபமே கைதட்டியது.

நல்லம்மா கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டார். “பாத்தீரோ? முன்னாலை வராதையும் எண்டு சொன்னவுடனை வழி பிறந்திட்டுது.”

செல்வமலர் பையைத் திறந்து, ஒளிரும் மஞ்சள் கோட்டை எடுத்து மாட்டினாள். தலைக்கவசத்தையும் போட்டுக்கொண்டாள்.

“வழி இன்னும் பிறக்கேல்லை, மாமி, இனித்தான் வெட்டவேணும். அந்த எஞ்சினை ஓட்டப்போறது நான்தான். பனி முடியுமட்டும் உங்கடை மாப்பிள்ளைக்கு முன்னாலை நான்தான் போவன். விருப்பமில்லையெண்டா ரயில் ஏறாமல் நில்லுங்கோ.”