கறுப்பு மை, நூறு மில்லி

இரண்டு புட்டிகளையும் கடைக்காரர் பூங்கோதைக்கு முன்னால் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

இரண்டிலும் கறுப்பு மை. வேறு வேறு கம்பெனி. அவள் வீட்டுப் பிரிண்டரைச் செய்த கம்பெனி இரண்டுமே இல்லை.

"இதுதானுங்கக்கா உங்க மெஷினுக்குச் சேரும். தண்ணியாட்ட ஓடும்."

"அது?"

"அது கெட்டி மைங்க. பெரிய மெஷினுக்கு. வீட்டுப் பிரிண்டர்ல ஊத்துனீங்கன்னா ரெண்டே நாள்ல மை வர்ற ஹெட்டு அடைச்சுக்கும். அப்புறம் தூக்கித்தான் போடோணும்."

இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை கோர்ட்.

"அதையே குடுங்க."

கடைக்காரர் அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தார். நல்ல மையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் கெட்டி மையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

வீட்டில் அடுப்பு இரண்டு. பால் பாக்கெட் இரண்டு. பூட்டுப் போட்ட அறைகள் இரண்டு.

பிரிண்டர் மட்டும் ஒன்று.

பதினொரு மாதமாக அவளும் சென்னியப்பனும் பேசிக்கொள்ளவில்லை. வீடு இருவர் பேரிலும் இருந்தது. யார் முதலில் வெளியேறினாலும் தோற்றதாக ஆகிவிடும். அதனால் கணவனும் மனைவியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு விவாகரத்து வழக்கு நடத்தினார்கள். ஒருவர்மேல் ஒருவர் எழுதிய புகார்களை, வக்கீலிடம் கொடுப்பதற்காக, ஹாலில் இருந்த அந்த ஒரே பிரிண்டரில் அச்செடுத்தார்கள்.

அவன் மனுவில் ஏழாவது பத்தி.

'படுக்கையில் இருந்த என் தாயாருக்கு எதிர்மனுதாரர் பூங்கோதை மருந்து கொடுக்கவில்லை. அவர் இறந்ததற்கு அதுவே காரணம்.'

ஆறு வருடம்.

ஆறு வருடம் அத்தையை அவள்தான் புரட்டிப் போட்டாள். புண்ணுக்கு மருந்து வைத்தாள். காலையிலும் சாயங்காலமும் வயிற்று மடிப்பைப் பிடித்து இன்சுலின் ஊசி போட்டாள். ஊசியை எடுத்ததுமே சென்னியப்பன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அவனால் பார்க்க முடியாதாம்.

மற்ற பத்திகளை அவள் வக்கீல் ஆபீசில் படித்துவிட்டு மறந்துபோனாள். திமிர் பிடித்தவள். சமைக்கத் தெரியாதவள். தம்பி பேச்சைக் கேட்டு ஆடுகிறவள். எழுதிவிட்டுப் போகட்டும்.

ஏழாவது பத்தியைக் கரண்டி பிடிக்கும்போதும் நினைத்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் நினைத்தாள்.

பிரிண்டரின் மைத் தொட்டியில் அடி மட்டத்தில் மிச்சமிருந்த பழைய மையில் தன் பதிலை மூன்று பிரதி எடுத்தாள். மூன்றாவது பிரதி வெளுத்துத்தான் வந்தது. படிக்க முடிந்தது. போதும்.

பிறகு புதுப் புட்டியைத் திறந்து தொட்டியில் கவிழ்த்தாள்.

குழம்பு போல இறங்கியது.

இனி உன் பொய்யை எதில் அடிப்பாய்?

கையில் பட்ட கறை சோப்புக்குப் போகவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

*

புதன்கிழமை அவன் எதையும் அச்செடுக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இழுத்து இழுத்து ஓடியது. சென்னியப்பன் அதன் தலையில் உள்ளங்கையால் அடித்தான். மூடியைத் திறந்தான். மூடினான். மறுபடி அடித்தான்.

அவள் தன் அடுப்பில் டீ வைத்தாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் டீ ருசியாக இருந்தது.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போனான். யாராவது மெக்கானிக்கைத் தேடித்தான் போயிருப்பான்.

பிரிண்டரில் ஒரு தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அவள் இழுத்து எடுத்தாள்.

'கூடுதல் வாக்குமூலம்' என்று மேலே இருந்தது. முதல் இரண்டு வரி நல்ல கறுப்பு. மூன்றாவது வரியில் வெள்ளைக் கோடுகள். நான்காவது சாம்பலாகப் போயிருந்தது.

'என் மனுவின் ஏழாவது பத்தியில், என் தாயாருக்கு எதிர்மனுதாரர் மருந்து கொடுக்கவில்லை என்று நான் கூறியிருப்பது'

அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வெறும் தாள்.

ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். ஒன்றும் இல்லை.

கூறியிருப்பது உண்மை என்று முடித்திருப்பான். வேறு எப்படி முடிப்பான்? நாளைக்கு ஜட்ஜ் முன்னால் இன்னொரு தடவை அடித்துச் சொல்வதற்காக.

இல்லாவிட்டால்?

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டது. நகரவில்லை.

சென்னியப்பன் உள்ளே வந்தான். அவள் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"அதைக் கீழ வெய்யி."

பதினொரு மாதத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை.

அவள் வைக்கவில்லை. உரக்கப் படித்தாள்.

"'நான் கூறியிருப்பது.' அப்புறம் என்ன?"

அவன் பிரிண்டரைப் பார்த்தான்.

"மெஷின் அடைச்சுக்கிச்சு."

"அது தானா அடைக்கல. தெரிஞ்சேதான் அந்த மையை வாங்கி ஊத்துனேன்."

அவன் ஓரடி முன்னால் வந்தான். அவள் பின்வாங்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். தாளையும் பேனாவையும் மேசைமேல் வைத்தாள்.

"எழுதுங்க. என்ற கண்ணு முன்னால எழுதுங்க."

அவன் பேனாவைக் கையில் எடுத்தான்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேனாவின் மூடியைக் கழற்றினான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் யாரோ போனார்கள். யார் என்று அவள் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

கூறியிருப்பது உண்மை என்றால் அந்த வரிக்கு ஒரே ஒரு சொல்தான் பாக்கி. ஒரு நொடியில் முடிந்துவிடும்.

பேனா நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தாளைப் பின்பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது.