போனில் ஒரு குஸ்கா

"சரியாக் கேக்கல. என்ன வேணும்னு முழுசாச் சொல்லுங்க" என்றாள் ஷாஹினா, நாலாவது தடவையாக.

பார்சல் கட்ட இரண்டு கையும் வேண்டும் என்பதால் கடைப் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள். அதிலிருந்து ஓர் ஆண்குரல் முக்கியது. "க்கூ... க்கா."

மதிய நேரம். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் அந்த நேரத்துக்கு எவ்வளவு கூட்டம் இருக்குமோ, அவ்வளவும் இருந்தது. வரிசையில் முதலில் நின்ற நல்லுசாமிக்கு நத்தம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"மத்தியானமே ஊத்திட்டான்போல. அத வச்சிட்டு எங்களக் கவனிம்மா" என்றார்.

ஷாஹினாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் போனை வைக்கவில்லை. நல்லுசாமியின் மூன்று பிரியாணியைக் கட்டிக்கொண்டே, "அவசரமில்ல. நிதானமாச் சொல்லுங்க" என்றாள்.

கல்லாவில் இருந்த முதலாளி அக்பர் அலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் கடையின் மானம் போனதே பார்சலால்தான். கறி போடாத வெறும் பிரியாணிச் சோறு குஸ்கா. அதைப் போனில் கேட்டவருக்கு மட்டன் சுக்கா போகும். சுக்கா கேட்டவர் குஸ்காவைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி ஏசுவார். ஷாஹினா வந்த மூன்று வாரத்தில் ஒரு பார்சல்கூட மாறிப் போகவில்லை. தங்கமான பிள்ளை என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தார். அந்தத் தங்கம் இன்று ஒரு வாடிக்கையாளரைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறது.

எழுந்தே வந்துவிட்டார். "ஏம்மா, அந்தாளு குஸ்கான்னுதானே சொல்றாரு? எனக்கே வெளங்குது!"

ஷாஹினா பதறிப்போய்ப் போனைக் கையால் பொத்தினாள். "ஐயோ, நீங்க சொல்லிராதீங்கண்ணே!"

"ஏன், சொன்னா என்ன?"

"அவுகளாத்தான் சொல்லணும்."

அக்பர் அலிக்குக் கோபம் தலைக்கேறியது. "பசின்னு போன் பண்ற மனுசனுக்குப் பரீச்சையா வைக்கிற? இந்தத் திமிரு நம்ம கடைக்கு ஆகாதும்மா. இன்னிக்கு இருந்துட்டுப் போ. நாளையிலருந்து வர வேணாம்."

அவளுக்குக் கண் கலங்கியது. இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பெரியாது. என்றாலும் போனிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து, "இன்னும் ஒரே ஒருக்கா" என்றாள்.

போனில் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி தெளிவாக வந்தது.

"குஸ்கா!"

"சரிங்க! இந்தா வருது!" என்று கத்தியேவிட்டாள் ஷாஹினா. கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள். நல்லுசாமிகூடப் பஸ்ஸை மறந்து அவளைப் பார்த்தார்.

அவள் கட்டிய குஸ்கா பார்சலை அக்பர் அலி பிடுங்காத குறையாக வாங்கினார். "நானே கொண்டுபோய்க் குடுத்து, அந்தாளுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன். அட்ரஸச் சொல்லு."

"பேகம்பூர்ல எங்க வீடுதாண்ணே" என்றாள் ஷாஹினா. "கையக் காட்டுனாலே நான் எடுத்துக் குடுத்துருவேன்னு எங்க வீட்டுக்காரர் வாயவே தொறக்குறதில்ல. அதான், கடைக்குப் போன் போட்டுச் சொன்னாத்தான் சோறுன்னுட்டேன். பக்கவாதம் வந்து ஏழு மாசத்துல அவுக முழுசாச் சொன்ன மொத வார்த்தை இதுதாண்ணே."

அக்பர் அலி பார்சலோடு வாசலில் இறங்கினார். இறங்கியவர் திரும்பிச் சொன்னார்:

"நாளைக்கு மட்டன் பிரியாணின்னு கேக்கச் சொல்லும்மா. எம்புட்டு நேரமானாலும் நான் வாயத் தொறக்கல."