மாடி வீட்டுக்கு ஒன்பது சீட்டு

"நான் குடியிருக்கிற வீட்டுக்கு என்கிட்டயே வந்து புதுப் பூட்டு கேக்கறான்யா, என் வீட்டுக்காரன்."

மாடிப்படியில் நின்றபடி பூட்டுக்காரர் இதைச் சொன்னதும், வீடு பார்க்க நின்ற வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பதினோரு வருஷம் இருந்திருக்கேன். ஒரு மாசம் வாடகை தள்ளிப் போனது கிடையாது. இப்ப குடோன் வேலைக்கு வந்த நாலு பசங்க சேர்ந்து கூடத் தர்றாங்களாம். ஒண்ணாம் தேதி காலி பண்ணுங்கறான். அதோட விட்டானா? 'நல்ல பூட்டா பார்த்துப் போட்டுக் குடு'ங்கறான்."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறே நாள்.

பக்கத்தில் நின்ற மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, மெதுவா. இந்த வீட்டுக்காரம்மா காதுல விழுந்தா இதுவும் போச்சு."

இது அவர்கள் பார்க்க வந்த பதினேழாவது வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். 'மாடி வாடகைக்கு. பன்னிரண்டாயிரம்' என்று கேட்டில் அட்டை தொங்கவிட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

அவருக்கு முன்னால் நின்றவன் ஓர் இளைஞன். கூடவே இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவி.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னான். பஸ்ஸில் ஒரு முழுப் பகல் ஆகும் தூரம்.

"குடோன் வேலையா?"

"ஆமாண்ணே."

"ஏன், அங்க இருக்க வீடே இல்லையா?"

"வீடு இருக்குண்ணே. வேலைதான் இல்லை."

இந்தப் பதிலில் பூட்டுக்காரருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுக்கு எங்க தலையிலதான் வந்து ஏறணுமா? இந்த மாசம் மட்டும் பதினாலு வீட்டுக்குப் பூட்டு மாத்தியிருக்கேன் தம்பி. பழைய பூட்டைக் கழட்டறப்ப உள்ளூர்க்காரன் பாத்திரம் பண்டமெல்லாம் தெருவுல கெடக்கு. புதுச் சாவியைக் குடுக்கறப்ப உங்களை மாதிரி ஒரு கை நீளுது. கேட்ட காசையும் குடுக்கறீங்க, கேக்காத காசையும் குடுக்கறீங்க. அப்புறம் எங்களை எவன் மதிப்பான்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நாங்களும் மூணு வாரமா லாட்ஜுலதாண்ணே கெடக்கறோம்" என்றான் இளைஞன்.

"கெடங்க. இன்னும் மூணு வாரம் கெடங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவரை யாரும் தடுக்கவும் இல்லை. பின்னால் நின்ற பஸ் கண்டக்டர், "அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல" என்று முனகினார்.

வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். கையில் கிழித்து வைத்த வெள்ளைத் தாள்கள்.

"எல்லாரையும் நிக்கவெச்சுப் பேரம் பேச எனக்கு வராது. ஆளுக்கு ஒரு சீட்டு. பேரு, வீட்டுல எத்தனை பேரு, எவ்வளவு தருவீங்க, மூணையும் எழுதிக் குடுங்க. கீழ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

சுவரில் தாளை வைத்து ஆளாளுக்கு எழுதினார்கள். இளைஞனும் அவன் மனைவியும் கொஞ்ச நேரம் காதோடு காதாகப் பேசிவிட்டுத்தான் எழுதினார்கள். பூட்டுக்காரர் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மனைவிக்கே முதுகைக் காட்டிக்கொண்டு எழுதி, சீட்டை நாலாக மடித்தார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"போட வேண்டியதைப் போட்டிருக்கேன். நீ சும்மா இரு."

கால் மணி நேரம் போனது. கீழே இரண்டு பெண் குரல்கள். ஒன்று நிதானமாக, இன்னொன்று கெஞ்சலாக. கெஞ்சிய குரல்காரிதான் முதலில் படியேறி வந்தாள். கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் தையல்காரி. கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"வீடு பார்க்க வந்தவங்க நீங்கதானா? நல்லா இருங்க. ஏழு வருஷமா கீழ இருக்கேன். 'மாடிக்கு இவ்வளவு தர்றதுக்கு ஆள் இருக்கு, உனக்கு மட்டும் ஏன் நான் கம்மியா விடணும்? அடுத்த மாசத்துல இருந்து இன்னும் பாதி சேர்த்துக் குடு, இல்லைன்னா வேற இடம் பார்த்துக்கோ'ன்னு இப்பதான் சொல்றாங்க. ரெண்டு மெஷினையும் ரெண்டு புள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

பூட்டுக்காரருக்கு நடந்தது, அச்சு அசலாக, கண்ணெதிரே இன்னொருத்திக்கு நடக்கிறது. இரண்டே எட்டில் போய் இளைஞனின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"பார்த்தியா? நல்லா கண்ணைத் தொறந்து பாரு. ஒரு குடும்பத்தைத் தெருவுல நிறுத்திட்டே. எவ்வளவுடா எழுதினே? வாயைத் தொறந்து சொல்லுடா, எவ்வளவு?"

குழந்தை வீறிட்டு அழுதது. சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா சீட்டுகளோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"முதல்ல அந்தத் தம்பி சட்டையை விடுங்க. அவர் அட்டையில இருந்த பன்னிரண்டைத்தான் எழுதியிருக்கார். எட்டுப் பேரும் அதைத்தான் எழுதியிருக்காங்க."

நாலாக மடித்திருந்த ஒரு சீட்டைப் பிரித்துப் பூட்டுக்காரர் முன்னால் நீட்டினார்.

"வீடு உங்களுக்குத்தான். பதினெட்டாயிரம்னு எழுதினது நீங்க ஒருத்தர்தானே?"