திராட்சை போடாத பிஸ்கட்

கண்ணாடிக்கடைக்காரர் சமையலறை மேடையில் மாவைப் பரப்பி, கடையில் கண்ணாடி அளக்கிற இரும்பு ஸ்கேலை அதன்மேல் வைத்து, சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

நாய் தின்கிற பிஸ்கட்டுக்கு நாலு மூலையும் சரியாக இருக்க வேண்டுமாம்.

பக்கத்து வீட்டுக்காரி நீ எப்படி அங்கே போனாய் என்று கேட்கக் கூடாது. அவர் ஓவனைத்தான் இரவல் கேட்டார். ஓவனோடு நானும் போனேன்.

அவர்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதை அக்கா, அதாவது அவர் மனைவி, யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஏனென்று கேட்டால் இடத்தை அடைக்கிறது என்றாள்.

மாவில் இருந்ததெல்லாம் அவித்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தோல் கறுத்த வாழைப்பழம், பொடித்த ஓட்ஸ். சர்க்கரை கிடையாது, உப்பு கிடையாது. பாட்டிலில் வருகிற வேர்க்கடலை வெண்ணெயில் நாய்க்கு ஆகாத இனிப்பு எதையாவது கலந்திருப்பார்களோ என்று பயந்து, கடலையைத் தானே வறுத்து, தோலை ஊதி, மிக்சியில் அரைத்து ஊற்றியிருந்தார்.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள நாய் டாக்டரிடம் போனாராம். அந்த வரிசையில் நாய் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் இவர்தான் என்று மருந்துக்கடைப் பெண் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து வெந்நீர் வைக்கக்கூட அடுப்பைத் தொடாத மனிதர்.

இந்தத் தெருவுக்கு நானும் காவல்தானே, எனக்கு ஒன்று கிடையாதா என்று சும்மா சீண்டினேன்.

"வீட்ல திராட்சை ஒண்ணுகூட இல்லம்மா. டப்பா டப்பாவாப் பாத்துட்டேன்," என்றார்.

நான் கேட்டதென்ன, அவர் சொன்னதென்ன.

ஆனாலும் அவர் புத்தி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். மகள் வரப்போகிறாள். புது நாயோடு.

பழைய நாய் பஞ்சு இந்த வீட்டில்தான் இருந்தது. அதற்கு இவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததில்லை. குரைத்தால் காது போகிறது என்பார். குரைக்காவிட்டால் எதற்கு வெட்டிச்சோறு என்பார். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடப் போகிறேன் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்.

அப்புறம் ஒருநாள் அக்கா திராட்சை கேக் செய்தாள். அதில் ஒரு துண்டு பஞ்சுவின் வயிற்றுக்குள் போனது. நாய்க்குத் திராட்சை விஷம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? சிறுநீரகம் கெட்டு, பஞ்சுவும் போய்ச் சேர்ந்தது.

யார் போட்டது என்று மகள் கேட்டு முடிப்பதற்குள் நான்தான் என்றார்.

வேண்டுமென்றே செய்தார் என்று அவள் நினைத்தாள். தெருவும் அப்படித்தான் பேசியது. பேசும்படியாகத்தானே அவர் வாயும் இருந்தது.

அதோடு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனவள்தான். அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள். இவர் எடுத்தால் லைன் போய்விடும். இப்போதும் அக்கா கெஞ்சிக் கூத்தாடித்தான், போகிற வழியில் எட்டிப் பார்க்கிறேன் என்று சம்மதித்திருந்தாள்.

இவருக்கு ஒரே நினைப்பு. தன் கையால் கொடுப்பதை அந்தப் புது நாய் ஒரு வாய் தின்றுவிட வேண்டும். தின்றுவிட்டால் மகள் வாயிலிருந்து ஒரு 'அப்பா' வந்துவிடும்.

வெந்த பிஸ்கட்டை உதட்டில் ஒற்றிச் சூடு பார்த்தார். தட்டில் அடுக்கினார். அழகாக இல்லை என்று கலைத்து மறுபடி அடுக்கினார்.

அக்கா மட்டும் சமையலறை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

மகள் வந்தாள். காது தொங்கும் பழுப்பு நாய். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சங்கிலியைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். நாகரிகம் தெரிந்தவள் அந்த நேரத்தில் கிளம்பியிருப்பாள். நான் ஓவன் ஆறட்டும் என்று நின்றேன்.

அவர் தட்டோடு தரையில் மண்டியிட்டார். முழங்கால் ரெண்டும் சடக்கென்றன. கிழங்கு, வாழைப்பழம், ஓட்ஸ், கடலை என்று பரீட்சையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டரிடம் கேட்டதையும் சொன்னார். சொல்லும்போது நாயைத்தான் பார்த்தார்.

நாய் வாலை ஆட்டிக்கொண்டு மூக்கை நீட்டியது.

மகள் சங்கிலியை இழுத்துப் பிடித்தாள்.

பிறகு அவள் குனிந்து தட்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

தட்டை அப்படியே அக்கா பக்கம் நீட்டினாள்.

"நீ குடும்மா. உன் கையாலன்னா எனக்குப் பயமில்ல."

அக்கா அசையவில்லை. உதடு மட்டும் பிரிந்தது. ஏதோ சொல்ல வந்தாள்.

தரையில் மண்டியிட்டபடியே அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்பதுபோல், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு தலையசைப்பு.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். நாய் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு அவள் விரலை நக்கியது.

என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் வீட்டுப் பால்கனி. அன்று கதவிடுக்கு வழியாகப் பஞ்சுவுக்குக் கேக்கை நீட்டிய கையில் வளையல் இருந்தது.