எதுக்கு எடுத்தாங்க?

பல்லியின் வாலைத் தவிர, வெட்டி எடுத்த எதுவும் மறுபடி வளராது என்பது மக்களின் நம்பிக்கை. ஆழ்ந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. மண்ணீரல் வளரும். அடிபட்டுச் சிதறிவிட்டால், துணுக்குகள் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, வாடகை தராமல் குடியிருக்கும்.

ஸ்கேன் டாக்டரம்மாவுக்கு இது தெரியும். அதனால்தான் விடாமல் கேட்டார்.

"மண்ணீரலை எதுக்கு எடுத்தாங்க?"

ஸ்கேனுக்குப் படுத்திருந்த மனைவி, தன் வயிற்றில் பூசிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவர்தான் பதில் சொன்னார்.

"சின்ன வயசுல ஏதோ ரத்தக் கோளாறுங்க. எத்தனை வாட்டி சொல்றது?"

"அடிபட்டு எடுத்திருந்தா, வயித்துல தெரியுற இந்தக் கட்டியெல்லாம் அந்தப் பழைய மண்ணீரலோட துணுக்கா இருக்கலாம். இன்னொரு ஸ்கேன்ல உறுதி பண்ணிட்டு, வயித்தைக் கிழிக்காமலே விட்டுடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அடியும் இல்ல, இடியும் இல்ல! புத்துநோயா இருக்கும்னு பெரிய டாக்டரே சொல்லிட்டார். நாளைக்கு ஆபரேஷன். நீங்க என்னடான்னா பழங்கதை கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க!"

"அவங்களே சொல்லட்டுமே. நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"கட்டின புருஷன், நான் இருக்கக் கூடாதா?"

"கூடாது."

கதவு சாத்தப்பட்டது. வெளியே காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

"பாவம், சம்சாரத்துக்காக மனுஷன் எப்படித் துடிக்கிறார்! அந்த டாக்டரம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையே!" என்றார் ஒரு பெரியவர்.

"எல்லாம் படிச்ச திமிரு," என்றபடி ஒரு பெண் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். கணவர் கண்களைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உள்ளே டாக்டரம்மா எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை மட்டும் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் சிதறிக் கிடந்த கட்டிகளை அவள் விரலால் எண்ணினாள்.

"கல்யாணமான வருஷம்," என்றாள். "மாடிப்படியில உருண்டு விழுந்துட்டேன்னு சொல்லச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில அப்படித்தான் சொன்னேன்."

"நிஜமாவே விழுந்தீங்களா?"

"எங்க வீட்டுல மாடியே கிடையாதுங்க."

டாக்டரம்மா பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். ஆபரேஷன் நின்றது.

அடுத்த ஸ்கேனில், மண்ணீரல் துணுக்குகள்தான் என்று உறுதியானது. அன்றைக்கு அவளோடு அவள் அண்ணன் வந்திருந்தார்.