பட்டிக்கு அடியில்

“அதுல கை வைக்காதீங்க சார், கிழிச்சுடும்!”

பட்டறைக்காரர் போட்ட சத்தத்தில், காரின் முன் மட்கார்டைத் தடவிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் கொப்பளித்து, துரு எட்டிப் பார்த்தது.

“போன வாரம்தாண்ணே வாங்கினேன். பன்னெண்டு வருஷத்து வண்டி. மத்த இடமெல்லாம் பளிச்சுனு இருக்கு, இங்க மட்டும் ஏன் இப்படி?” என்றபடி ஒரு காந்தத்தை எடுத்து அங்கே வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. “உள்ள தகரமே இல்லையோ?”

“தகரத்து மேல பட்டி பூசியிருக்காங்க சார். எவனோ கத்துக்குட்டி பார்த்த வேலை” என்றார் பட்டறைக்காரர்.

அந்தக் கத்துக்குட்டி அவரேதான். முப்பது வருஷத் தொழிலில், துருவைத் தடுக்கும் ப்ரைமர் அடிக்காமல் அவர் பட்டி பூசியது ஒரே ஒரு தடவை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரை இறக்கிவிட்டு, சொந்த வண்டிக்குக் அவசர அவசரமாகப் பூசினார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மகள், “சைக்கிள்ல போனவர் எழுந்திருக்கவே இல்லப்பா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே வண்டியை ஒரு புரோக்கர் தலையில் கட்டினார். தப்பு என்று தெரியாமல் இல்லை, ஆனால் பெற்ற மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து மகள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வாய்விட்டுச் சிரித்ததும் இல்லை.

போன மாதம்தான் திடீரென்று, “அந்த வண்டி இப்ப யார்கிட்டப்பா இருக்கு?” என்றாள். “யார்கிட்ட இருந்தா நமக்கென்ன? சாப்பிடு” என்று வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அது தேடிக்கொண்டு வந்தது போல வாசலில் நிற்கிறது. ஊரில் வேறு பட்டறையே இல்லையா?

“சுரண்டினா ஓட்டை விழுந்துரும் சார். மட்கார்டையே கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டித் தரேன். காசு வேணாம், பழசை மட்டும் விட்டுட்டுப் போங்க.”

“காசு வேணாமா?” வந்தவர் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார். “பரவாயில்லண்ணே, சுரண்டுங்க. அடியில என்ன இருக்குன்னு பார்த்துட்டே போறேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டார். தட்டிக்கழிக்க வழியில்லை. பட்டறைக்காரர் பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் தகரம் ஒரு சாண் அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. அந்த மடிப்புக்குள், துருவுக்கு நடுவே, அழியாமல் ஒரு பச்சைக் கோடு.

வந்தவர் எழுந்து வந்து குனிந்தார். அந்தக் கோட்டை விரலால் தொட்டார்.

“எங்க அண்ணன் சைக்கிள் இந்தப் பச்சைதான். கடையில வந்த கலர் பிடிக்கலன்னு, அவரே பெயின்ட் டப்பா வாங்கி அடிச்சாரு.”

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் காப்பாற்ற ஒருத்தி இருக்கிறாள். பட்டறைக்காரர் பிளேடைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

“நான்தான் சார். அன்னிக்கு வண்டிய ஓட்டினது நான்தான். கூட யாருமே இல்ல. வாங்க, ஸ்டேஷன்ல வந்து எழுதிக் கொடுத்துடறேன்.”

வந்தவரின் குரலில் கோபம்கூட இல்லை.

“அப்பா இப்படித்தான் சொல்வாருன்னு உங்க பொண்ணு சொல்லுச்சு.”